காது டெஸ்ட் பொண்ணு மேல ஒரு மனு

எழுதுங்க. பேரு அர்த்தநாரி. வயசு அம்பத்தேழு. ஊரு குமாரபாளையம் பக்கம். தொழில் தறி மேஸ்திரின்னு போடுங்க. முன்னாள்னெல்லாம் போட வேண்டாம். என்னை முன்னாள் ஆக்கறதுக்கு இன்னும் எவனும் பொறக்கல.

என்னங்க? தலையைக் குனிஞ்சுக்கிட்டே முனகினா எனக்கு என்ன தெரியும்? நிமிந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. பேசறப்ப பேசுங்க, எழுதறப்ப எழுதுங்க. ரெண்டையும் ஒண்ணாப் பண்ற ஆளை நான் நம்பறதில்ல. அந்த மீசையவும் கொஞ்சம் கத்திரிச்சு விட்டா ஆகாதுங்களா? மேலுதடே காணோம். மனு எழுதறவருக்கு எதுக்குங்க காவல்காரன் மீசை?

ஆங், இப்பச் சொல்லுங்க. யாரு மேல மனுவா? காது டெஸ்ட் எடுக்கற பொண்ணு மேல. பேரு பிரின்ஸி. மார்த்தாண்டத்துக்காரி. எங்க மில்லுக்கு வருசா வருசம் காது டெஸ்ட் எடுக்க ஒரு கம்பெனி வருது, அதுல புதுசாச் சேந்திருக்கறா. இருபத்தாறு வயசு இருந்தா ஜாஸ்தி. அவளை இந்த ஜில்லாவ விட்டே மாத்தணும், அது ஒண்ணு. அவ எழுதின ரிப்போர்ட்டை ரத்து பண்ணணும், அது ரெண்டு. மூணாவது, எம்பட பொண்ணு வினோதினி எங்கிட்ட மறுபடியும் பேசணும். மூணு வாரமாச்சுங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கெடையாது. ஒரே பொண்ணு.

சிரிக்காதீங்க. மூணாவதைக் கலெக்டர்கிட்ட கேக்க முடியாதுன்னா, பொறகு எதுக்கு திங்கக்கெழமை திங்கக்கெழமை இத்தனை சனம் வந்து குமியுது? ரேசன் கார்டுல விட்டுப்போன பேரைச் சேக்கறாரு. அடுத்தவன் மேல ஏறின பட்டாவ மாத்திக் குடுக்கறாரு. ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, ஏம்மா, உங்கப்பன்கிட்ட பேசும்மான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? நான் சொல்றதை எழுதறதுக்குத்தான் உங்களுக்குக் காசு. எழுதுங்க.

அக்கா, நீங்க கொஞ்சம் பொறுங்க. முதியோர் பென்சன் எங்கியும் ஓடிறாது. இவரு எனக்கு எழுதி முடிச்சுட்டுத்தான் உங்களுக்கு எழுதுவாரு.

எங்க தறிக்கொட்டாய்ல தொண்ணூத்தாறு தறிங்க. எல்லாம் ஒண்ணா ஓடறப்ப வெளியாளு உள்ள வந்தா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வாசப்படியிலயே நின்னுருவான். நாங்க பாத்துச் சிரிப்போம். நான் பதினஞ்சு வயசுல உள்ள போனவன். அங்க பேச்சே வேறங்க. கத்திப் பிரயோசனம் இல்ல. ஒதட்டை அசைச்சாப் போதும், நாலு தறி தள்ளி நிக்கறவன் புரிஞ்சுக்குவான். நூல் அறுந்தா ரெண்டு விரல். தார்க்கட்டையில நூல் தீந்தா மூடின முட்டி. மொதலாளி வர்றாருன்னா மீசையத் தடவுவோம், பொம்பளைங்ககூட இல்லாத மீசையத் தடவுவாங்க. கல்யாணப் பேச்சு, சீட்டுப் பேச்சு, கொழந்தைக்குக் காய்ச்சல், அத்தனையும் அங்க ஒதட்டுலயே நடக்கும். அந்தப் பொண்ணு இதைக் கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா? கை நீட்டற தூரத்துல நிக்கறவருகிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தாலே அந்தச் சத்தம் காதைக் கெடுக்குமாம். ஏம்மா, நாங்க கத்தறதே இல்லைன்னு சொல்றேன், நீ என்ன பேசறேன்னேன். அதுக்கு அவ ஒரு மாதிரி பாத்தா.

மேஸ்திரி வேலை லேசு இல்லைங்க. தறி மேல இப்பிடி உள்ளங்கைய வெச்சா எந்த போல்ட்டு லூசு, எந்தப் பல்லு தேஞ்சிருக்குன்னு சொல்லிருவேன். தறி எங்கிட்ட பேசும். அதைச் சொன்னா, "அது உங்க கை கேக்குதுங்க ஐயா, காது கேக்கலை"ங்கறா. எப்பிடிக் கொழுப்பு பாருங்க. நாப்பத்திரெண்டு வருசம் தறிகூடக் குடும்பம் நடத்தினவனுக்கு நேத்து வந்தவ பாடம் எடுக்கறா.

இதையெல்லாம் எழுத வேண்டாமா? எதை எழுதணும், எதை விடணும்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. எல்லாத்தையும் எழுதுங்க. எட்டுப் பக்கம் ஆனாலும் பரவால்ல.

சரி, டெஸ்ட்டுக்கு வர்றேன். வெளிநாட்டு ஆர்டர் வாங்கறதுனால எங்க மில்லுல வருசம் ஒருக்கா எல்லாருக்கும் காது டெஸ்ட் எடுத்தாகணும், சர்டிபிகேட் காட்டணும். பதினோரு வருசமா மாசிலாமணின்னு ஒருத்தர் வருவாரு. தங்கமான மனுசன். ஒரு ரூமுல சன்னலோரம் உக்காந்து மிஷினை வெச்சிருப்பாரு. எதுக்க நம்மளை உக்கார வெச்சு காதுல ஹெட்போன் குடுவை மாட்டி விடுவாரு. கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், கேட்டா வெரலைத் தூக்கணும். அவ்வளவுதான் டெஸ்ட்டு. அந்தப் பதினோரு வருசத்துல எங்க கொட்டாய்ல ஒருத்தர்கூட ஃபெயில் ஆனது கெடையாதுங்க. மொதலாளியே ஆபீஸ் ரூமுல எல்லார் முன்னாடியும் என் தோளைத் தட்டிச் சொல்லியிருக்கறாரு, அர்த்தநாரி கொட்டாய்ல எல்லாருக்கும் பாம்புக் காதுன்னு.

எப்பிடி ஃபெயில் ஆகலன்னா? அதுக்குத்தானே மேஸ்திரி இருக்கேன். மாசிலாமணி பட்டனை அமுக்கறப்பெல்லாம் வலது தோள்பட்டை லேசா ஏறும். அவருக்கே அது தெரியாது. நான் மொத வருசமே கண்டுபிடிச்சுட்டேன். டெஸ்ட்டுக்கு மொத நாளே எல்லாத்தையும் நிக்க வெச்சு, குடுவையப் பத்திக் கவலைப்படாதீங்க, தோளைப் பாருங்கன்னு சொல்லிக் குடுத்துருவேன். பயந்து போறவங்க சில பேரு இருப்பாங்கல்ல, அவங்களுக்காக நான் அவருக்குப் பின்னாடி சன்னலுக்கு வெளிய நின்னு கட்டைவெரலைக் காட்டுவேன். நான் காட்டினா அவங்க தூக்குவாங்க. தறிக்காரங்களுக்குக் கண்ணாலயே கேட்டுப் பழக்கம், அதுல என்ன தப்பு?

அப்பிடிப் பாக்காதீங்க. நான் என்ன திருடினேனா? ஃபெயில் ஆனா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. தறியில இருந்து எடுத்து மடிப்பு செக்‌ஷனுக்குப் போட்டுருவாங்க. உக்காந்து துணி மடிக்கணும். தறிக்காரனைத் துணி மடிக்க வெக்கறதும் செருப்புல அடிக்கறதும் ஒண்ணுதான். எத்தனை பேரு மானத்தை நான் காப்பாத்தியிருக்கேன். ஒருத்தன் ஒரு காப்பி வாங்கிக் குடுத்ததில்ல, அது வேற விசயம்.

காதுல வெக்கறதுக்குத் தக்கை குடுப்பாங்க, ஆரஞ்சு கலர்ல, பஞ்சு மாதிரி. அதைக் குடுக்கறது எம்பட பொறுப்பு. நான் அதை பீரோவுல வெச்சுப் பூட்டிருவேன். வெளிநாட்டுக்காரன் பாக்க வர்ற அன்னிக்கு எடுத்து ஆளுக்கு ரெண்டு குடுத்து, அவன் காரு கேட்டைத் தாண்டினதும் எண்ணித் திருப்பி வாங்கிக்குவேன். காதுல தக்கைய அடைச்சுக்கிட்டு நின்னா தறி எப்பிடிங்க பழகும்? கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருக்கும். பொறகு காதே பழகிக்கும். எனக்கெல்லாம் இப்ப தறிச் சத்தம் ஒரு தொந்தரவே கெடையாது, அத்தனை மெதுவாத்தான் ஓடுது. இதையும் அவகிட்ட சொன்னேன். குறிச்சுக்கிட்டா.

ஆங், ரீங்காரத்தைப் பத்திச் சொல்லணும். எங்க கொட்டாய்ல ஒரு வழக்கம் இருக்குங்க. புதுசா வந்த ஆளுக்கு ஒரு மூணு மாசம், ஆறு மாசத்துல காதுல ஙொய்யின்னு ஒரு சத்தம் வந்து ஒக்காந்துக்கும். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனாலும் போகாது. அந்த ஆளு பயந்துபோய் எங்கிட்ட வந்து சொல்லுவான். நான் ஜிலேபி வாங்கிட்டு வந்து கொட்டாய் முழுக்கக் குடுப்பேன். தறி உன்னைய ஏத்துக்கிச்சுடான்னு அர்த்தம். அன்னியில இருந்து அவன் தறிக்காரன். எனக்கு வாங்கிக் குடுத்தது எங்க பழைய மேஸ்திரி.

எம்பட வினோவுக்கு அது வர்றப்ப பதினெட்டு முடிஞ்சு மூணு மாசம். பன்னெண்டாவது முடிச்சதும் கொட்டாய்க்குக் கூட்டிட்டு வந்துட்டேன். மேல படிக்கறேன்னுதான் சொன்னா. நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு நான்தான். சாயங்காலம் வேலை விட்டதும் வந்து, "அப்பா, காதுக்குள்ள கொசு கத்தற மாதிரி இருக்குப்பா, தலகாணியில படுத்தாலும் நிக்க மாட்டேங்குது"ன்னு அழுதா. எனக்குப் பெருமை தாங்கல. மத்தவனுக்கெல்லாம் கால் கிலோ, எம்பட பொண்ணுக்கு ரெண்டு கிலோ ஜிலேபி. அவ கையாலயே எல்லாத்துக்கும் குடுக்க வெச்சேன். அழுதுக்கிட்டே குடுத்தா. பொம்பளைப் பிள்ளையில எங்க கொட்டாய்ல ஆறு தறி ஒத்தையில ஓட்டினவ அவ ஒருத்திதான். ஆறு வருசம்.

எதுக்கு எழுதாம ஒக்காந்திருக்கறீங்க? பேனா தீந்துபோச்சா?

இந்த வருசம் மாசிலாமணி வரல. இந்த பிரின்ஸி வந்தா. வந்ததும் மொத வேலையா நாற்காலியத் திருப்பி செவுத்தைப் பாத்துப் போட்டா. சன்னலுக்கு ஒரு போர்வையத் தொங்க விட்டா. மேஸ்திரி வெளிய போங்கன்னா. நான் போனேன். முதுகைக் காட்டி ஒக்கார வெச்சு டெஸ்ட் எடுக்கறது எந்த ஊரு நியாயங்க? கோர்ட்டுலகூடக் குத்தவாளிய ஜட்ஜைப் பாத்துத்தானே நிக்க வெக்கறாங்க.

ஒவ்வொருத்தனா உள்ள போயிட்டு மூஞ்சி செத்து வெளிய வந்தான். முப்பத்திநாலு பேருல இருபத்தொம்போது பேரு ஃபெயிலு. பதினோரு வருசமா ஒருத்தன்கூட இல்லாத எடத்துல ஒரே நாள்ல இருபத்தொம்போது. அப்ப தப்பு எங்க இருக்கு? மிஷின்ல இருக்கும், இல்லாட்டி அவகிட்ட இருக்கும். இதை அழுத்தமா எழுதுங்க.

கடைசியா என்னைக் கூப்பிட்டா. ஒக்காந்தேன். எதுக்க வெறும் செவுரு, சுண்ணாம்பு அடிச்சு நாலு வருசம் ஆன செவுரு. எத்தனை தடவை பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா எத்தனை நேரத்துக்கு ஒருக்கா சத்தம் வரும்னு? மனசுக்குள்ள எண்ணி எண்ணி வெரலைத் தூக்கினேன். பதினாலு தடவை தூக்கினேன். நல்லாத்தான் செஞ்சேன்னு நெனச்சேன். அவ வந்து என் முன்னாடி குந்த வெச்சு ஒக்காந்து, நிதானமா ஒதட்டை அசைச்சு, "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை"ங்கறா.

பாத்தீங்களா? ஆரம்பிக்காம வெச்சு மனுசனை மாட்டி விடறது. இதுக்குப் பேரு டெஸ்ட்டா, பொறியா?

பொறகு எல்லாத்தையும் வரிசையா நிக்க வெச்சு வகுப்பு எடுத்தா பாருங்க. தக்கைய வெரலுக்கு நடுவுல உருட்டி மெல்லிசாக்கணுமாம். அந்தக் கையத் தலைக்கு மேல கொண்டுபோய் காதை மேல தூக்கிப் புடிக்கணுமாம். உள்ள விட்டு, அது ஊதற வரைக்கும் வெரலால அமுக்கிக்கணுமாம். அம்பது வயசு ஆம்பளைங்க எல்லாம் வாத்தியார் தண்டிச்ச மாதிரி தன் காதைத் தானே புடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கறாங்க. என் கொட்டாய்ல, என் ஆளுங்க. நான் வரிசையில நிக்கல. போன காது திரும்ப வராதாம், இருக்கறதைத்தான் காப்பாத்திக்க முடியுமாம். காதுக்குள்ள பயிர் மாதிரி என்னமோ இருக்குதாம், சத்தம் அடிச்சு அடிச்சு அது சாஞ்சு செத்துருமாம், மறுபடி மொளைக்காதாம். அதுல மொதல்ல போறது சன்ன சத்தமாம். குருவி சத்தம், கொழந்தை பேசறது, பொம்பளைங்க கொரலு. நான் கேட்டேன், ஏம்மா, எங்க ஊர்ல குருவியே இல்ல, கத்தினாத்தானே கேக்கும்? எல்லாரும் சிரிச்சாங்க. வினோ மட்டும் சிரிக்கல. "இருக்குதுப்பா, நம்ம வீட்டு மீட்டர் பொட்டியிலயே கூடு கட்டியிருக்குது"ன்னா. நாலு பேரு முன்னாடி என்னைப் பொய்யன் ஆக்கறா.

அங்கதாங்க ஆரம்பம். அந்த பிரின்ஸிக்கு எப்பிடித் தெரிஞ்சது, நாற்காலியத் திருப்பணும், சன்னலை மூடணும்னு? மார்த்தாண்டத்துல ஒக்காந்துக்கிட்டு ஜோசியமா பாத்தா? ஆளு இருக்கு. எம்பட பொண்ணுதான். டெஸ்ட்டுக்கு முந்தின வாரமே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லியிருக்கறா. தோள்பட்டை, கட்டைவெரலு, பீரோவுல பூட்டின தக்கை, ஜிலேபி, எல்லாத்தையும். ஏன்டி இப்பிடிப் பண்ணினேன்னு கொட்டாய் நடுவுல நிறுத்திக் கேட்டேன். நாலு மாசத்துக்கு முன்னாடி இவ அக்கா மவளை, பெரியம்மா மவளுக்குப் பொறந்த கொழந்தைய, மடியில வெச்சிருந்தாளாம். அது வாயத் தொறந்து அழுவுது, மொகம் செவந்து போச்சு, இவளுக்கு ஒண்ணும் கேக்கலையாம். "அன்னிக்குத்தான்ப்பா எனக்குப் புரிஞ்சது"ங்கறா. கொழந்தைன்னா சத்தமில்லாமக்கூடத்தான் அழும். இதுக்குப் போயி பெத்தவனைக் காட்டிக் குடுக்கறதா?

அன்னிக்கு நான் பேசின பேச்சை இங்க சொல்ல முடியாது. அந்த அக்கா வேற ஒக்காந்திருக்கறாங்க. தறியெல்லாம் ஓடிக்கிட்டிருந்துச்சு, எல்லாரும் என் ஒதட்டையே பாத்தாங்க. அத்தனை பேருக்கும் புரிஞ்சது. என் மூஞ்சியில முழிக்காதேன்னு முடிச்சேன். அவ ஆறு தறியவும் ஒண்ணொண்ணா நிறுத்திட்டு வெளிய போனா. அதோட சரி. அந்த வாரமே அந்த பிரின்ஸி இவளைக் கூட்டிட்டுப் போயி வலது காதுக்கு ஒரு மிஷினு மாட்டிவிட்டுட்டா. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் காதுல என்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது, கம்மலுங்கறதா?

மிஷினு மாட்டின அன்னியில இருந்து வினோ எங்கிட்ட பேசறதில்ல. இதுதாங்க முக்கியம், இதை எழுதுங்க. எப்பிடிப் பேசின பொண்ணு தெரியுமா? தெரு முனையில வர்றப்பவே "அப்பா"ன்னு ஒரு கொரலு குடுப்பா, மூணு வீட்டுக்குக் கேக்கும். எங்க வீட்டுல எல்லாருக்கும் நல்ல தொண்டை. எங்க வீட்டு டிவிய அடுத்த தெருவுல ஒக்காந்து கேக்கலாம்னு கிண்டல் பண்ணுவாங்க. இப்ப அவ சோத்தை வெக்கறா, தண்ணி வெக்கறா, ஒதடு மட்டும் லேசா அசையும், என்னமோ வையற மாதிரி. பாதி நேரம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்கறா. நானும் ரோசக்காரன், என்னன்னு கேக்க மாட்டேன். ஆனா எம்பட சம்சாரம் தங்காயி இருக்கறாளே, அவகிட்ட மட்டும் கையப் புடிச்சு, கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி, என்னமோ சொல்லுவா. தங்காயி சிரிப்பா. ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துக்கிட்டாங்க. தங்காயிகிட்ட கேட்டா, "அவ பேசறா, உங்களுக்குத்தான்"னு இழுக்கறா. பேசினா எனக்குத் தெரியாதா? பொண்ணு பேசறாளா இல்லையான்னு அப்பனுக்குத் தெரியாமப் போகுமா?

மொதலாளி என்னை மடிப்புக்குப் போட்டுட்டாரு. அதைக்கூட நான் பெருசா எடுத்துக்கல. பத்து நாளாத் துணி மடிக்கறேன். கைக்கு வேலையே இல்ல. மொட்டையா இருக்குது. ஆனா வீட்டுக்கு வந்தா அங்கியும் ஒரு சத்தம் இல்லைன்னா மனுசன் எங்கதாங்க போறது? எம்பட பொண்ணு கொரலை எனக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லி எழுதுங்க. அழகா எழுதுங்க. உங்களுக்கு இந்தப் பேச்செல்லாம் வரும்ல?

என்ன, ஆதாரமா? கொண்டு வந்திருக்கேன். இந்தாங்க. இது வினோவோட ரிப்போர்ட்டு. அசலு. காத்தால அவ பையில இருந்து உருவிக்கிட்டு வந்தேன். இன்னொரு காதுக்கும் மிஷினு குடுக்கறதுக்கு இன்னிக்கு இதே ஆபீசுல ஏதோ கேம்ப்பாம். இதைக் காட்டினாத்தான் குடுப்பாங்களாம். எப்பிடிக் குடுக்கறாங்கன்னு பாக்கறேன். மனுவோட சேத்து உள்ள போயிட்டா பொறகு ஆறு மாசத்துக்கு வெளிய வராதுல்ல?

இந்தக் கட்டத்துல கோடு போவுது பாருங்க. அந்தப் பொண்ணு எங்க ரெண்டு பேரு கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினா. மேல நேரா வருது, இங்க வந்ததும் பள்ளத்துல எறங்குது. என்னுது பாதாளத்துக்கே போவுது, இவளுது பாதி வழியில நிக்குது. "உங்க பொண்ணு உங்க பின்னாடியே வந்துக்கிட்டிருந்தாங்க ஐயா, இப்பத்தான் நின்னிருக்காங்க"ன்னா. நான் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். வினோவுக்கு எம்பட மூக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. இந்தப் பள்ளமும் அச்சு அப்பிடியே என்னுதுதாங்க. வெச்சு எழுதின மாதிரி. பாத்தா உங்களுக்கே தெரியும்.

அதுக்கு எதுக்கு என் மூஞ்சியவே பாக்கறீங்க? ஏதாவது சொல்றதுன்னா சொல்லுங்க.

இல்ல, நீங்க என்னைப் பாக்கல. என் தோளுக்கு மேல பாக்கறீங்க. அந்த அக்காவும் அங்கதான் பாக்கறாங்க. அங்க என்ன இருக்குது?

வினோ.

எப்படி வந்தே? பஸ்சுலயா? ஸ்டாண்டுல இருந்து நடந்தா வந்தே? ரைட்டரே, இவதான் எம்பட பொண்ணு. எப்ப வந்தா? என்னது, நான் அந்த சன்னலு கதைய ஆரம்பிச்சப்பவே வந்துட்டாளா? அப்ப இருந்து பின்னாடியே நிக்கறாளா? நின்னுக்கிட்டு? கூப்பிட்டாளா?

சும்மா சொல்லாதீங்க. நான் இங்கதானே ஒக்காந்திருக்கேன்.

உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? அக்கா, உங்களுக்கும் கேட்டுச்சா? உங்களுக்கு எழுவது வயசு இருக்குமே. அந்த ஜெராக்ஸ் கடைக்காரருக்குமா? பொறகு ஏன்யா எங்கிட்ட சொல்லல? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன், இத்தனை பேரும் வேடிக்கை பாத்துக்கிட்டு... சொன்னீங்களா? எப்பச் சொன்னீங்க? ரெண்டு தடவையா? எழுதிக்கிட்டேவா சொன்னீங்க?

வினோ, இங்க வா. மொகத்தைக் காட்டு. மெதுவாச் சொல்லு. என்ன? நீ பேசாம இருக்கலைங்கறியா. தெனமும் பேசறே. மிஷினு மாட்டினதுல இருந்து உன் கொரலே உனக்குப் பெருசாக் கேக்குது, அதனால கத்தறதில்ல. எல்லாரும் பேசற மாதிரிதான் பேசறே. சோறு வெக்கறப்பவும் அப்பான்னு கூப்பிட்டுத்தான் வெக்கறே. தெனமுமா? மூணு வாரமும்?

அழுவாதே. அழுதா ஒதடு கோணுது, எனக்கு ஒண்ணும் புரியாது. இந்தா, உன் ரிப்போர்ட்டு. கசங்கல, பாரு. ரைட்டரே, நீங்க எழுதறதை நிறுத்துங்க. பேனாவ மூடுங்க.

இல்ல, நான் நம்ப மாட்டேன். யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன். வினோ, நீ அந்த டீக்கடை பெஞ்சுகிட்டப் போயி நில்லு. நான் இப்பிடித் திரும்பிக்கறேன். இந்தச் செவுத்தைப் பாத்து ஒக்காந்துக்கறேன். நீ எப்பவும் எப்பிடிப் பேசறியோ அப்பிடியே ஒருக்கா அப்பான்னு கூப்பிடு. கேட்டா நான் வெரலைத் தூக்கறேன். ரைட்டரே, நீங்க அசையக் கூடாது. அக்கா, நீங்களும்தான். தோளை அசைக்காதீங்க, கையத் தூக்காதீங்க. யாரும் எனக்கு எதையும் காட்டக் கூடாது.

ம். கூப்பிடு சாமி.

கூப்பிடு.

திரும்பிப் பாத்தா, எதுக்குங்க எல்லாரும் அவளையே பாக்கறீங்க? அவ இன்னும் கூப்பிடவே இல்லீங்களே.